குலசேகரம் மாடி ஜிம்: நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சேரலாமா?

குமரி மாவட்டம் குலசேகரத்தில், சந்தைப் பக்கம் மாடியில் இயங்கும் இந்த ஜிம்மில் மெஷின் எப்படி, வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதையெல்லாம் ஒரு தடவை ஏறிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஆனால் நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உள்ள ஓர் ஆள் இங்கே சேரலாமா, சேர்ந்தால் தொந்தரவு கூடுமா குறையுமா என்பதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. நம் பக்கத்தில் அலமாரியில் கேஸ் மாத்திரை இல்லாத வீடு குறைவு. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேரலாம். அதிலும் நாள் முழுக்க உடம்பால் உழைக்கிறவர்கள் கட்டாயம் ஒருமுறை போய்ப் பேசிப் பார்க்க வேண்டும்.

நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். வயது ஐம்பதை நெருங்குகிறது. திற்பரப்பு போகும் வழியில் கொஞ்சம் சொந்த ரப்பர் இருக்கிறது, அது போதாமல் பக்கத்துத் தோட்டத்திலும் வெட்டு எடுத்திருக்கிறேன். விடிவதற்கு ரொம்ப முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு முந்நூறு மரத்துக்கு மேல் வெட்டி, பால் எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட் அடித்து முடிக்கிற ஆள் சாயங்காலம் ஜிம்முக்குப் போகிறான் என்றால் ஊரில் கேட்கத்தானே செய்வார்கள். "பால் வெட்டுறவனுக்கு எதுக்கு ஓய் ஜிம்மு? அதுக்கு மேல என்ன எக்சர்சைஸ் வேணும்?" சாயாக்கடையில் இதைக் கேட்காத ஆள் இல்லை. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரிந்தால்தான் இந்த ஜிம்மின் அருமையும் தெரியும்.

வேலையும் உடற்பயிற்சியும் வியர்வை வரவைக்கிற அளவில் ஒன்றுதான். வயிற்றுக்கு அவை வேறு வேறு. உணவுக்குழாய் போய் இரைப்பையில் சேருகிற இடத்தில் ஒரு சுருக்குத் தசை உண்டு. நாம் விழுங்கும்போது திறக்கும், மற்ற நேரம் மூடியிருக்கும். அந்த இடத்தை வெளியிலிருந்து உதரவிதானமும் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசை) சுற்றிப் பிடித்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் அமிலத்தைக் கீழேயே நிறுத்தி வைக்கின்றன. வயிறு நிறைந்திருக்கும் நேரத்தில் குனிந்தாலோ, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கினாலோ, இடுப்பை இறுக்கிக் கட்டினாலோ வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. வாய் கட்டிய பையை அடியில் அமுக்கினால் முடிச்சுப் பக்கம் கசியுமே, அதுபோல அமிலம் மேலே ஏறுகிறது.

இனி பால் வெட்டைப் பாருங்கள். ஒட்டுக்கன்று நட்டு வளர்ந்த மரத்தில் முதல் வெட்டை ஏறக்குறைய 125 சென்டிமீட்டர் உயரத்தில் போடுவோம். அது சுகமான காலம், நிமிர்ந்து நின்றே வெட்டலாம். வருடம் போகப் போக வெட்டு கீழே இறங்கிக்கொண்டே வரும். அடிமரத்தை நெருங்கிவிட்டால் ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பை மடக்கி, தலை முழங்காலுக்கு நேராக வரும் அளவுக்குக் குனிந்துதான் கத்தியை இழுக்க முடியும். நான் வெட்டுகிற தோட்டத்தில் பாதி மரம் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் சாயம் கூடிய கட்டஞ்சாயா, அதாவது பால் விடாத சாயா. வெட்டு முடிந்து வந்ததும் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும், கூடவே காந்தாரி மிளகு (காரமான சின்ன மிளகாய்) அரைத்ததும். பசி அப்படி, வயிறு முட்டத் தின்போம். பால் உறைவதற்குள் எடுத்தாக வேண்டும், அதனால் ஒரு மணி நேரம்கூட உட்கார முடியாது. ஒவ்வொரு சிரட்டைக்கும் குனிந்து, வழித்து ஊற்றி, நிறைந்த பக்கெட்டை மூச்சைப் பிடித்துத் தூக்கி, மேடும் பள்ளமுமாக நடக்க வேண்டும். சாரத்துக்கு (கைலிக்கு) மேல் இறுக்கமாக ஒரு பெல்ட், அதில் ஒட்டுப்பால் (வெட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் பால்) போடுகிற கூடை. காலையில் தின்ற மீன் கறி பத்து மணிக்குத் தொண்டையில் வந்து நிற்கும். மத்தியானச் சோறு முடிந்த கையோடு பாயை விரித்துப் படுத்துவிடுவோம். மூன்றரைக்கு எழுந்த உடம்பு வேறு என்ன செய்யும்?

வெற்றுவயிற்றுச் சாயா, நிறைவயிற்றுக் குனிதல், பாரம், பெல்ட், தின்றதும் படுக்கை என்று இந்த நோய்க்கு ஆகாதது எல்லாம் ஒரே நாளில், அதுவும் வரிசையாக நடக்கிறது. நெல் நடுகிறவர்கள், செங்கல் சுமக்கிறவர்கள், முந்திரி ஆலையில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து பருப்பு உடைக்கிற பெண்கள் ஆகியோருக்கும் கதை பெரிதாக மாறாது.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் தேடி எடுத்து வாசித்துக் காட்டியவை சில உண்டு. ஸ்வீடனில் இரட்டையர்களை வைத்து நடத்தி 2007-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வேலையில் உடலுழைப்பு கூடக் கூட அடிக்கடி நெஞ்செரிச்சல் வருகிறவர்களும் படிப்படியாகக் கூடியிருந்தார்கள். ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களிடம் அது குறைந்திருந்தது. இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சாயாக்கடைக் கேள்விக்கான பதில் அதுதானே! நார்வேயில் 2004-ல் வந்த இன்னோர் ஆய்வில், வாரத்தில் ஒரு தடவையாவது அரை மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்தத் தொந்தரவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக இருந்தது. 2021-ல் அமெரிக்க நர்சுகளைப் பல வருடம் கவனித்த ஆய்வு ஐந்து பழக்கங்களை எடுத்துக்கொண்டது: சரியான எடை, புகை பிடிக்காமை, தினம் அரை மணி நேரமாவது நன்றாக உடம்பை அசைப்பது, காபி சாயா சோடா எல்லாம் சேர்த்து இரண்டு கப்புக்குள் நிறுத்துவது, நல்ல சாப்பாடு. இந்த ஐந்தையும் கடைப்பிடித்தால் நெஞ்செரிச்சலில் 37 சதவீதம் அளவுக்குத் தவிர்க்கலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். இவையெல்லாம் மனிதர்களின் பழக்கத்தையும் நோயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வுகள். இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல இவை போதாது என்பதையும் மகளே சொன்னாள். ஆனால் தோட்டத்தில் நான் அனுபவிப்பதோடு இது அச்சாகப் பொருந்துகிறது. வேலையில் எப்போது குனிய வேண்டும், எவ்வளவு தூக்க வேண்டும் என்பதை மரமும் பாலும் தீர்மானிக்கின்றன. உடற்பயிற்சியில் அதை நான் தீர்மானிக்கலாம். வயிற்றுக்கு வேண்டியது அந்த வசதிதான்.

அப்படியானால் எந்த ஜிம்முக்குப் போனாலும் போதுமா என்றால், போதாது. இதற்கு முன்னால் வேறோர் ஊரில் ஒரு ஜிம்முக்குப் போனேன், பெயர் வேண்டாம். சேர்ந்த அன்றே தலை கீழாகச் சரிந்த பெஞ்சில் படுக்க வைத்து வயிற்றைக் குறைக்க என்று எழுந்து எழுந்து படுக்கச் சொன்னார்கள். புளித்த தண்ணீர் மூக்கு வரை வந்தது. சொன்னதற்கு, "பழகிடும் சார், வயிறு குறைஞ்சா கேஸும் போயிடும்" என்று பதில். பெஞ்சிலிருந்து இறங்கினால் கையில் ஏதோ பொடி கலக்கிய குளிர்ந்த பானம் ஒன்றைக் கொடுத்து, அதற்குத் தனியாகக் காசு. இரவு முழுக்கத் தலையணையை அடுக்கி உட்கார்ந்தே தூங்கினேன். அப்புறம் அந்தப் படி ஏறவில்லை.

இங்கே முதல் நாள் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். மாஸ்டர் இளைஞர், உடற்கல்வி படித்தவர். என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை, எடை எவ்வளவு என்றும் உடனே கேட்கவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து நோட்டை எடுத்தார்.

"அண்ணே, என்ன வேலையாக்கும்?"

"பால் வெட்டு."

"மேல் வெட்டா, கீழ் வெட்டா?"

இந்தக் கேள்வியிலேயே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. அவருடைய அப்பாவும் பால் வெட்டுகிறவராம். பக்கெட்டை எப்படித் தூக்குவீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள், சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துப் படுப்பீர்கள், இரவில் இருமல் உண்டா, நெஞ்சு எரிவது சாப்பிட்ட பிறகா நடக்கும்போதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசிக் கேள்விக்கு நான் யோசித்தபோது நோட்டை மூடிவிட்டு, "அதை நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணே, அதாக்கும் முக்கியம்" என்றார். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் எண்டோஸ்கோப்பி பார்த்த சீட்டை அடுத்த நாள் கொண்டுவரச் சொன்னார். அதில் இரைப்பையின் மேல்பகுதி உதரவிதான இடைவெளி வழியாகக் கொஞ்சம் மேலே ஏறியிருப்பதாக எழுதியிருந்தது. ஈசிஜி பார்த்த தாளையும் வாங்கிப் பார்த்தார். "மாத்திரையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அது டாக்டர் சொல்லட்டும்" என்று அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரு ஜிம்மில் இந்த வார்த்தையைக் கேட்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

முதலில் எடை எதையும் தொட விடவில்லை. டிரெட்மில்லில் லேசான ஏற்றம் வைத்து நடை, அவ்வளவுதான். பேசிக்கொண்டே நடக்கும் வேகம். ஓட வேண்டாம் என்றார். ஓடும்போது வயிறு குலுங்குவதால் அமிலம் மேலே வருவது கூடுதல், அதே அளவு உழைப்பைச் சைக்கிளில் செலுத்தினால் குறைவு என்று முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாரம் தூக்குவதில் இது இன்னும் கூடுதல். எந்தப் பயிற்சியானாலும் மூச்சு முட்டும் அளவுக்குப் போனால் தொந்தரவு ஏறும், மிதமான அளவில் இறங்கும். சைக்கிளிலும் முன்னால் கவிழ்ந்து மிதிக்கிற வகையை விட்டு, முதுகு நிமிர்ந்து உட்காருகிற வகையைத்தான் எனக்குக் கொடுத்தார்.

எடைப் பயிற்சிக்கு வந்தபோது அவர் காட்டிய கவனத்தைத்தான் நான் கூடுதலாகப் பாராட்ட வேண்டும். படுத்து எழும் பயிற்சி, காலை மேலே தூக்கி வயிற்றை மடக்கும் பயிற்சி எல்லாவற்றையும் என் அட்டையில் அடித்துவிட்டார். அதற்குப் பதில் தூணில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டி, பக்கவாட்டில் நின்று, இரண்டு கையாலும் அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து மெதுவாக முன்னால் நீட்டச் சொன்னார். பட்டை உடம்பைத் தூண் பக்கம் திருப்பப் பார்க்கும், திரும்ப விடாமல் நிற்க வேண்டும். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் விலா ஓரம் எல்லாம் நடுங்கும். வயிற்றுத் தசை உறுதியாகிறது, ஆனால் எங்கேயும் மடங்கவில்லை, இரைப்பையை அமுக்கவில்லை. அந்தப் பட்டையை நீட்டிப் பிடித்திருக்கும்போது, நம் தோட்டத்துப் பால் எங்கெல்லாம் போய் எப்படியெல்லாம் திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

தம்பெல் தூக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "ஊதுங்க, ஊதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், இறக்கும்போது உள்ளே இழுக்க வேண்டும். மூச்சைப் பிடித்து முக்கித் தூக்கும் எடை எனக்குக் கூடாத எடை. இதை அளவுகோலாகவே வைத்துவிட்டார். மூச்சைப் பிடிக்காமல் தூக்க முடியவில்லையா, அடுத்த சின்ன எடைக்கு இறங்கு. பக்கத்தில் இளைஞர்கள் பெரிய தட்டுகளை மாட்டிக்கொண்டிருக்கும்போது இது ஒருவருக்குக் கூச்சமாக இருக்கலாம். இங்கே யாரும் யாரையும் அப்படிப் பார்ப்பதில்லை. என் கையில் ரப்பர் பால் வாடை சோப்பு போட்டாலும் போகாது, அதற்குக்கூட இங்கே ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

இடுப்பு பெல்ட் விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். எடை தூக்குகிறவர்கள் கட்டும் அகலப் பட்டை எனக்குத் தடை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொந்தரவே இல்லாத ஆட்களுக்கு இடுப்பைச் சுற்றி பெல்ட் கட்டிச் சோதித்ததில் அமிலம் மேலே ஏறுவது கூடியது என்று 2014-ல் வெளிவந்திருக்கிறது. இதை மகளிடம் சொன்ன அன்றைக்கே என் கூடைப் பெல்ட்டை அவள் எடுத்து மறைத்துவிட்டாள். இப்போது கூடையைத் தோளில் பட்டை போட்டு மாட்டிக்கொள்கிறேன், சாரத்தையும் தளர்த்திக் கட்டுகிறேன். பேன்ட் போடுகிறவர்களும் கொக்கியை ஒரு துளை தள்ளி மாட்டிப் பாருங்கள்.

பயிற்சி முடிந்ததும் வீட்டுக்கு விரட்டாமல் பாய் விரித்துப் படுக்க வைத்து ஒரு மூச்சுப் பயிற்சி தருகிறார்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூச்சை இழுக்கும்போது வயிற்றுக் கை எழும்ப வேண்டும், நெஞ்சுக் கை அசையக் கூடாது. கேட்க எளிது. எனக்கு நெஞ்சுதான் முதலில் எழும்பும், ஓடி ஓடி வெட்டிப் பழகிய உடம்பு. மாஸ்டர் என் வயிற்றின் மேல் ஒரு சின்ன மணல் பையை வைத்து, "இதை மட்டும் தூக்கி இறக்குங்க அண்ணே, வேற ஒண்ணும் நினைக்காதீங்க" என்றார். அப்போதுதான் பிடி கிடைத்தது. உதரவிதானமும் ஒரு தசைதானே, அதைப் பழக்கினால் உணவுக்குழாயைச் சுற்றிப் பிடிக்கும் பிடியும் வலுப்படும் என்பது இதன் நியாயம். ஆஸ்திரியாவில் ஒரு குழுவினர் 2012-ல் இதைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். நான்கு வாரம் இந்த மூச்சுப் பயிற்சி செய்தவர்களுக்கு உணவுக்குழாயில் அமிலம் படும் நேரம் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், சில பேர்தான் அதில் இருந்தார்கள். ஆனாலும் செலவில்லாதது, பக்க விளைவு இல்லாதது, வீட்டிலும் செய்யலாம். வயிறு நிறைந்த உடனே மட்டும் படுத்துச் செய்யாதீர்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய உபகாரம், என் வேலையையே அவர் மாற்றிக் கொடுத்தது. ஒரு நாள் காலி பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, தோட்டத்தில் தூக்குவது போல் தூக்கச் சொன்னார். நான் இடுப்பை மடக்கி, கையை நீட்டித் தூக்கினேன். நிறுத்தச் சொல்லி, பக்கெட்டை இரண்டு காலுக்கும் நடுவில் கொண்டுவந்து, முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, ஊதிக்கொண்டே எழும்பக் கற்றுக்கொடுத்தார். அதோடு ஒரு பக்கெட் நிறையத் தூக்குவதை விட்டு இரண்டு பக்கெட்டில் பாதிப் பாதியாக இரண்டு கையிலும் பிடிக்கச் சொன்னார். நடையும் ஒருபக்கம் சாயாமல் நேரானது. கீழ் வெட்டு மரத்துக்கு இடுப்பை மடக்காமல் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி வெட்டச் சொன்னார். ஆரம்பத்தில் நேரம் பிடித்தது. முழங்காலுக்குப் பழைய டியூப்பை வெட்டிக் கட்டிக்கொண்டேன், இப்போது கை பழகிவிட்டது. மழைக் காலத்தில் தரை சேறாகக் கிடக்கும்போது இது முடியாது, அப்போது உட்காரச் சின்னக் குரண்டி (பலகை) ஒன்றைக் கூடவே எடுத்துக்கொள்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தையும் அந்த நோட்டில்தான் மாற்றி எழுதினோம். கட்டஞ்சாயாவோடு ஒரு மட்டிப்பழம் (நம் மாவட்டத்து மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பழம்தான்). வெட்டு முடிந்ததும் கிழங்கு பாதி அளவு, பால் எடுத்து முடிந்து வந்த பிறகு மீதி. காந்தாரியை நான் விடவில்லை, குறைத்திருக்கிறேன். எல்லாருக்கும் எல்லாம் ஆகாது என்றில்லை. மிளகு ஒருவரைப் படுத்தும், மற்றவரை எண்ணெய்ப் பலகாரம் படுத்தும், அவரவர் கவனித்து விட வேண்டியதுதான். மத்தியானம் படுப்பதற்குப் பதில் சாய்வு நாற்காலி. ஜிம் ஐந்து மணிக்கு, அதாவது சோறு தின்று நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மூன்று மணி நேரமாவது கழித்துத்தான் பயிற்சி என்பது இங்கே எல்லாருக்கும் பொது விதி. பசித்தால் முன்கூட்டியே ஒரு பழம், நடுவில் ஒரு வாய் ஒரு வாயாகத் தண்ணீர். ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு மெஷினில் ஏறுகிறவர்களை மாஸ்டர் இறக்கிவிடுவார். ஆறு மணிக்கு முடித்து, ஏழுக்குள் இரவுச் சாப்பாடு, ஒன்பதரைக்குப் படுக்கை, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை, இடது பக்கம் சாய்ந்து தூக்கம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். பால் எடுக்கும்போது தொண்டைக்கு வருவது நின்றுவிட்டது. இரவு இருமல் அபூர்வமாகத்தான் வருகிறது. வயிற்றைச் சுற்றி இருந்த சதை இறங்கியிருக்கிறது. எனக்கு ஒட்டிய உடம்பும் முன்னால் மட்டும் ஒரு தொப்பையும் இருந்தது, அந்தத் தொப்பைதான் அமிலத்தை மேலே தள்ளுகிற முதல் எதிரி என்கிறார் டாக்டர். தினம் போட்டுவந்த மாத்திரையை அவரே தேவைப்படும்போது மட்டும் என்று குறைத்திருக்கிறார். யாரும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. கல்யாண வீட்டில் பாயசம் வரை இறக்கிவிட்டு உடனே பந்தி பரிமாறக் குனிந்தால் இன்றும் எரியத்தான் செய்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரவு எட்டு மணிக்கு ஒரு பேட்ச் வைத்திருக்கிறார்கள், கூட்டம் அதில்தான் கூடுதல். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் அதில் தயவுசெய்து சேராதீர்கள். ஒன்பதரைக்கு முடித்து, பசியில் வழியில் பரோட்டாவும் பீப்பும் வாங்கித் தின்று, பத்தரைக்குப் படுத்தால் உடற்பயிற்சி செய்த பலன் அத்தனையும் போய்விடும். அந்த பேட்ச்சில் மாஸ்டர் ஒருவரால் எல்லாரையும் கவனிக்கவும் முடிவதில்லை, நான் மேலே சொன்ன கவனிப்பு அங்கே கிடைக்காது. நிமிர்ந்து மிதிக்கிற சைக்கிள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, சில நாள் காத்திருக்க வேண்டும். ஸ்பீக்கர் சத்தம் அதிகம், மூச்சுப் பயிற்சி நேரத்திலாவது குறைக்கலாம். படி செங்குத்தாக இருக்கிறது, முழங்கால் வலி உள்ளவர்கள் பிடித்துத்தான் ஏற வேண்டும். பெண்களுக்குக் காலையில் மட்டும்தான் தனி நேரம். முந்திரி ஆலைக்கும் தோட்டத்துக்கும் போகிற பெண்களுக்குக் காலை எப்படி முடியும்? உடம்பால் உழைக்கிற பெண்களுக்கு இந்தத் தொந்தரவு குறைவில்லை, அவர்களுக்குச் சாயங்காலம் ஒரு நேரம் கட்டாயம் வேண்டும். மாதக் கட்டணம் இந்த வசதிக்கு நியாயமானதுதான். பொடி டப்பா எதையும் வாங்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை, அலமாரியில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் அலட்சியம் காட்டக் கூடாது. நடக்கும்போதும் ஏறும்போதும் நெஞ்சு அழுத்தி, நின்றால் விட்டு, இடது கைக்கோ தாடைக்கோ வலி ஓடினால், குளிர்ந்து வியர்த்தால், அதைக் கேஸ் என்று சொல்லி ஓமத் தண்ணீரோ சோடாவோ குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். அது இதயமாக இருக்கலாம், அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. மாஸ்டர் முதல் நாள் அந்தக் கேள்வியில் நோட்டை மூடியது அதனால்தான். விழுங்கும்போது அடைத்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், மலம் கறுத்துப் போனாலும், வாந்தியில் ரத்தம் கண்டாலும் ஜிம்மைத் தள்ளிப் போட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். நம் ஆட்கள் வேலை கெட்டுவிடும் என்று தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு எத்தனை பேரை இழந்திருக்கிறோம்.

ஜிம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். பால் வெட்டுகிறவர்கள் ஷீட் அடித்து முடிக்கும்போது மணி பதினொன்றாகும், மத்தியானச் சோற்றுக்கு இன்னும் நேரம் இருக்கும், காலைச் சாப்பாடும் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் ஜிம் பூட்டிக் கிடக்கிறது. பதினொரு மணிக்கு ஒரு பேட்ச் தொடங்குங்கள், மாஸ்டரின் அந்த நோட்டையும் பக்கெட் பயிற்சியையும் சேர்த்து. திற்பரப்பு, பேச்சிப்பாறை, திருவட்டார் பக்கமிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவருவது என் பொறுப்பு.